இரண்டாம் இடத்து எட்டு

நவம்பர் 3, திங்கள்

டயர் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் கடையில் பசை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்குத் துடைத்து எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆசைப்பட்டு அல்ல. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷீபா மேடம் எழுதச் சொல்லிவிட்டார். "வீட்டுல அவங்க எந்த வார்த்தைக்குத் தடுமாறுறாங்க, எப்போ, எவ்வளவு நேரம், டெய்லி எழுதுங்க சார்" என்றார். தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்ட முடிகிறது.

என் பெயர் சென்னியப்பன். பெருந்துறையில் நம்பர் பிளேட், ரேடியம் ஸ்டிக்கர் கடை. மனைவி துளசிமணி, அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் மஸ்கட்டில். அவளுக்கு ஏழு மாதம், விமானம் ஏறக் கூடாது. ஆக, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்தான்.

போன மாதம் வகுப்பில் முக்கோணம் வரைந்துவிட்டு, அதன் பெயர் வராமல் துளசி நின்றிருக்கிறாள். "அந்த... மூணு மூலை" என்றாளாம். பிள்ளைகள் விளையாட்டு என்று சிரித்திருக்கின்றன. அடுத்த நிமிடம் கை இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டாள். ஸ்கேனில், மூளையில் இடது பக்கம் கட்டி. பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு இடமா கிடைக்கவில்லை அந்தச் சனியனுக்கு.

டாக்டர் ஜெபசெல்வி இன்று விளக்கினார். மண்டையைத் திறந்தபின் அவளை எழுப்பிவிடுவார்களாம். அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் இடத்தைக் கருவியால் தொடுவார்கள். அப்போது பேச்சு தவறினால் அங்கே கத்தி வைக்க மாட்டார்கள். சரியாகச் சொன்னால் வெட்டுவார்கள். "அவங்க வாய்தான் எங்களுக்கு வழி காட்டணும். தப்பா சொன்னா அந்த இடத்துல நிறுத்திடுவோம்" என்றார். எனக்கு ஏசி அறையிலேயே வேர்த்துவிட்டது. துளசி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சில பேர் பாடுவாங்க, சில பேர் ஸ்லோகம் சொல்வாங்க. நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று ஷீபா கேட்டார்.

"பாட்டு எனக்கு வராதுங்க. ஒரு எண் இருக்குது. அதச் சொல்றேன்."

தேதி குறித்துக் கொடுத்தார்கள். 17, திங்கள்கிழமை.

பதினேழு.

நவம்பர் 5, புதன்

அந்த எண்ணைத் தினமும் ஒரு தடவை சொல்லவைத்துக் குறிக்க வேண்டுமாம். அது இதுதான்.

381654729

முப்பத்தெட்டு கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் ஒருமுறை, ஒரே ஒருமுறை வருகிறது. விசேஷம் அதில்லை. முதல் இலக்கம் 3, அது ஒன்றால் வகுபடும். எதுதான் வகுபடாது? முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். முதல் மூன்று 381, மூன்றால். 3816 நாலால். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஐந்தாவதில் ஐந்தால், ஆறாவதில் ஆறால், கடைசியில் முழு எண்ணும் ஒன்பதால் மீதியே இல்லாமல் வகுபடுகிறது. நான் நம்பவில்லை. கடைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். 3816547-ஐ ஏழால் வகுத்தால்கூட 545221 என்று முழுசாக வந்து நிற்கிறது.

வருடா வருடம் ஒன்பது பிள்ளைகளின் நெஞ்சில் ஆளுக்கொரு அட்டையைக் குத்தி, இந்த வரிசையைக் கண்டுபிடிக்கச் சொல்வாளாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"ஒம்பது பேரு மூணு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் விதமா வரிச கட்டலாமுங் மாமா. அத்தனைலயும் கடைசி வரைக்கும் நிக்கறது இது ஒண்ணுதான்" என்றாள்.

நான் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து. நாலும் ஐந்தும் ஒன்பது. "நல்ல கூட்டுத்தொகை துளசி. வண்டிக்கு வந்தா அடிச்சுப் புடிச்சு வாங்குவானுங்க."

சிரித்துவிட்டாள். "ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் எப்புடி மாத்தி வெச்சுக் கூட்டுனாலும் நாப்பத்தஞ்சுதானுங். வாழ்க்க பூரா கூட்டுத்தொகை பாக்கறீங்க, இது தெரியாதா?"

தெரியாதுதான். யார் ஒன்பது இலக்கத்தில் வண்டி ஓட்டுகிறார்கள்?

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. மூன்றுக்கு அடுத்து, இரண்டாம் இடத்தில், எட்டு. அதைச் சொன்னேன்.

"ரெண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது இடத்துல இரட்டப்படை எண்தான் நிக்க முடியும். இருக்கறது நாலே நாலு இரட்டப்படை. எட்டத் தள்ளிட்டு யாரக் கூப்புடறது?" என்றாள். டீச்சர் குரல்.

இன்று எண்ணைச் சொன்னாள். பிழையில்லை. 'குக்கர்' என்ற சொல்லுக்குக் கொஞ்சம் தடுமாறினாள்.

நவம்பர் 6, வியாழன்

புது பைக் எடுத்த பையன் ஒருத்தன் வந்தான். கிடைத்திருக்கிற நம்பரின் கூட்டுத்தொகை எட்டு. முகம் செத்துப்போய் நின்றான். அவனுக்குத் தைரியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்ததே கிடையாது. எட்டு சனியின் எண். எட்டு, பதினேழு, இருபத்தாறு, மூன்றும் அவன் வீட்டுப் பிள்ளைகள். என் கையால் பிளேட் போட்ட வண்டிகளில் எட்டுக் கூட்டுத்தொகை உள்ளவை பைபாஸில் அப்பளமாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இதைத் துளசியிடம் பலமுறை சொல்லியாயிற்று. "எட்டு வராத வண்டி எத்தன விழுந்துச்சுன்னு எண்ணுனீங்களா?" என்பாள். படித்தவர்களோடு பேசுவதே இதனால்தான் எனக்குப் பிடிக்காது.

ஷீபா மேடம் இதையெல்லாம் படிப்பார் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. படிக்கட்டும்.

நவம்பர் 7, வெள்ளி

காங்கேயத்திலிருந்து பாவாத்தாள் அக்கா போன். ஆபரேஷன் தேதி கேட்டாள். சொன்னேன்.

"ஏஞ்சாமி, பதினேழா? மண்டையத் தொறக்கறதுக்கா?"

"டாக்டரம்மா குடுத்த தேதிக்கா."

"வண்டிக்கே வேண்டாம்பியே தம்பி" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். இந்த ஒரு வரியை நாள் முழுக்க யாரோ காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது.

நவம்பர் 8, சனி

இன்று எட்டு. புது ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை, வழக்கம்போல.

நவம்பர் 10, திங்கள்

கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பேசினேன். ஆபரேஷன் தேதி 24 ஆகிவிட்டது. அவர்களுக்குத் திங்கள்கிழமைதான் தியேட்டர் கிடைக்கும், அதனால் ஒரு வாரம்.

துளசியிடம் சொன்னேன். டாக்டருக்கு டெல்லியில் ஏதோ மீட்டிங் என்றேன். "அப்புடிங்களா" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஷீபா மேடம் மட்டும் திருப்பிக் கூப்பிட்டார். இருபத்தொன்றாம் தேதி முதல் அவர் லீவாம், மார்த்தாண்டத்தில் தங்கை கல்யாணம். "நான் இருக்க மாட்டேனே சார். புதுசா ஒரு தம்பி வந்திருக்கார், ஆல்வின்னு. அவர் பார்த்துப்பார். நம்பரோட ஒவ்வொரு இலக்கத்தையும் பெரிய அட்டையா செஞ்சு வரிசையா அடுக்கிக் கொடுத்துடுங்க, அதை வெச்சு சரி பார்த்துப்பார்" என்றார்.

அட்டை எதற்கு? நான் நம்பர் பிளேட்காரன்.

இருபத்து நாலு. கூட்டினால் ஆறு. நல்ல எண்.

நவம்பர் 12, புதன்

மஞ்சள் அக்ரிலிக்கில் கறுப்பு எழுத்து. உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் தேய்த்து வழவழவென்று. ஒன்பதும் செய்து முடித்தேன். எட்டை வெட்டும்போது மெஷினில் பிளேடு உடைந்தது. வேறு பிளேடு மாற்றி வெட்டினேன்.

துளசி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துத் தடவிப் பார்த்தாள். "என்ற பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி ஒரு செட்டு செஞ்சு தந்திருக்கலாமல்லோ" என்றாள். தந்திருக்கலாம்.

எண் சரியாகச் சொன்னாள். 'தலையணை' வரவில்லை. கையால் காட்டினாள்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணைச் சொன்னாள். "ஒண்ணு, எட்டு, மூணு, ஆறு, அஞ்சு, நாலு, ஏழு..." அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு முதலில் தப்பே தெரியவில்லை, அவ்வளவு சரளமாக வந்தது.

"ஏழுல இடிக்குது மாமா."

"இல்ல துளசி, சரியாத்தான் சொன்ன." பயந்து போகக் கூடாதே என்று சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் வகுத்தாள். "இல்ல. ஏழால வகுத்தா மீதி ஆறு வருது. எங்கயோ மாத்திட்டேன். எங்கன்னு தெரியல. நீங்க சரின்னு பொய் சொன்னா நான் எதப் புடிச்சுட்டு நடக்கறது?"

அழவில்லை. எனக்குத்தான் கண் கரித்தது. தோசை கருகிப் போனது. பிறகு பிளேட்டுகளைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். மூன்றும் ஒன்றும் இடம் மாறியிருக்கிறது. அப்படி மாற்றினால் எல்லாப் படியும் சரியாக வந்துவிடும், ஏழில் மட்டும்தான் உடையுமாம். எட்டாலும் வகுபடும், ஒன்பதாலும் வகுபடும். ஒரே ஓர் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

அவள் அதை எனக்கு விளக்கினாள். விளக்கி முடிப்பதற்குள் களைத்துவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

இந்நேரம் தியேட்டருக்குள் இருந்திருப்பாள்.

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். எண்ணை இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் சொன்னாள். தேதி என்ன என்று என்னிடம் கேட்டாள். காலண்டர் அவள் எதிரில்தான் தொங்கியது. "பதினேழு" என்றேன். "ம்" என்றாள்.

நவம்பர் 19, புதன்

குளியலறையில் விழுந்துவிட்டாள். வலிப்பு. கதவை உடைத்தேன். ஆம்புலன்ஸ். கோயமுத்தூர்.

நவம்பர் 20, வியாழன்

நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கண் திறக்கிறாள், என்னைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் அவள் கையில் மூன்று என்று விரலால் எழுதினேன். கையை இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் ஜெபசெல்வி வந்து பார்த்தார். கட்டியைச் சுற்றி வீக்கம். மருந்து கொடுத்து வீக்கம் வடிந்தால் திங்கள்கிழமை செய்யலாம் என்றார். வெளியே வராந்தாவுக்கு வந்தபின், "ஒரு வாரம் தள்ளிக் கேட்டீங்களே, வீட்டுல ஏதும் விசேஷமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாங்க என்றேன்.

என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பதினேழைக் கூட்டினால் எட்டு என்றா?

ஆமாம். நான்தான் தள்ளிவைக்கச் சொன்னேன். டெல்லியும் இல்லை, மீட்டிங்கும் இல்லை. எழுதிவிட்டேன். ஷீபா மேடம் இன்றோடு போய்விடுகிறார், இனி யாரும் படிக்கப் போவதில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மத்தியானம் "தண்ணி" என்றாள். கேன்டீனுக்கு ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. ஐந்து லிட்டர் கேனே வாங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நாளைக்கு.

துளசி பேசுகிறாள். மெதுவாக, நடுவில் நின்று நின்று. வீக்கம் வடிந்திருக்கிறது. மகளோடு வீடியோவில் பேசினாள். "வயித்துல இருக்கறவங்களுக்கு நான்தான் வாய்ப்பாடு சொல்லித் தரோணும், அதனால வந்துருவேன்" என்றாள். மகள் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் போய் பார்க்கிங்கில் வண்டி நம்பர்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆல்வின் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். துளசி பாதிக்கு மேல் சொன்னாள், சோர்ந்து படுத்துவிட்டாள். "நம்பர் சரியா சொல்றாங்கன்னு ஷீபா மேடமே குறிச்சிருக்காங்க, இன்னைக்கு மறுபடி கேக்க வேண்டாம். பிளேட் மட்டும் குடுத்துடுங்க அங்கிள், வரிசையா" என்றார்.

பையிலிருந்து எடுத்தேன். வரிசையாகத்தான் அடுக்கினேன். அப்போது அக்கா குரல்தான் காதில் கேட்டது. தேதியை மாற்றியும் விழுந்தாள். தேதியை மாற்றினால் மட்டும் போதுமா, திறந்த மண்டைக்குப் பக்கத்தில் நானே செய்து கொடுத்த எட்டைக் கொண்டுபோய் நிறுத்துவதா என்று தோன்றியது. எட்டை மட்டும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தைக் கொடுத்தேன். அவளுக்குத்தான் எண் மனப்பாடம் ஆயிற்றே, பிளேட் சும்மா பார்ப்பதற்குத்தானே. ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும்?

ஆல்வின் எண்ணிப் பார்க்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் அழைத்துப்போனார்கள். தலையைப் பாதி மழித்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது "டிபன் சாப்புடுங்க" என்றாள். அதுதான் சொன்னாள்.

காத்திருக்கும் ஹாலில் டிவி ஓடுகிறது, சத்தமில்லாமல். யாரோ சமைக்கிறார்கள்.

இப்போது எழுப்பியிருப்பார்கள். பேசிக்கொண்டிருப்பாள்.

எழுத ஏதுமில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

*

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

தியேட்டர் கதவு திறந்து ஆல்வின் வேகமாக வந்தார். பச்சை உடை, முகமூடி தாடைக்குக் கீழே. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அங்கிள், அந்த நம்பர்ல எட்டு இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"மூணுக்கு அப்புறம் எட்டுன்னு சொல்றாங்க. பிளேட்ல மூணுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கு. முதல் தடவை தப்புன்னு குறிச்சேன், டாக்டர் அந்த இடத்த விட்டுட்டாங்க. அடுத்த இடத்துலயும் எட்டு. அதுக்கு அடுத்ததுலயும் எட்டு. தப்புன்னா எங்கயுமே எடுக்க முடியாது. டாக்டர் கைய நிறுத்தி வெச்சுட்டு நிக்கறாங்க. சீக்கிரம் சொல்லுங்க."

சட்டைப் பையிலிருந்து எட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்பட நேரமில்லை அவருக்கு. "இத இப்ப சுத்தம் பண்ணி உள்ள கொண்டு போக நேரமில்ல. வாயால சொல்லுங்க. முழுசா, வரிசையா." பாக்கெட்டிலிருந்து பேனா எடுத்தார்.

நான் சொல்ல வேண்டும். நான் தவறாகச் சொன்னால் அவள் சரியாகச் சொல்வதும் தவறாகிவிடும். நல்ல இடத்தில் நிறுத்துவார்கள், இல்லை கெட்ட இடத்தில் வெட்டுவார்கள். மூன்றும் ஒன்றும் இடம் மாறினாலே போதும், எனக்கு வித்தியாசம் தெரியாது என்று அன்றைக்கே பார்த்தேனே. அந்த ஹாலில், எல்லாரும் பார்க்க, நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விரல் விட்டுச் சொன்னேன்.

"மூணு. எட்டு. முப்பத்தெட்டு, ரெண்டால வகுபடும். ஒண்ணு. முந்நூத்தி எம்பத்தொண்ணு, மூணால வகுபடும். ஆறு. அஞ்சு. நாலு. ஏழு." இங்கே நின்றேன். அவர் எழுதியதைப் பிடுங்கி, ஏழால் வகுத்துப் பார்த்தேன். ஐந்து, நாலு, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று. மீதி இல்லை. "சரிதான் தம்பி. அடுத்தது ரெண்டு. ஒம்பது. ஓடு."

ஓடினார்.

பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எட்டுப் பிளேட் இன்னும் என் கையில் இருந்தது. ஓரம் வழவழவென்றுதான் தேய்த்திருந்தேன், ஆனாலும் இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் தடம் விழுந்திருந்தது.

*

டாக்டர் ஜெபசெல்வி வந்தார். முடிந்துவிட்டது. பேசுகிறாள். பெரும்பாலும் எடுத்தாயிற்று, பேச்சு நிஜமாகவே நின்ற ஓர் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

"உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது, அது இல்லாமலும் இருந்தது. "ஆல்வின் தப்புன்னு சொன்னதும், 'முப்பத்தொண்ணு ரெண்டால வகுபடுமா தம்பி? எட்டாங் கிளாஸ்ல யாரு உங்களுக்குக் கணக்கு எடுத்தது?'ன்னு கேட்டாங்க. அவர் பிளேட்டக் காட்டினார். ஒம்பதுக்கு ஒரு பிளேட் கொறையுதுன்னு எண்ணிட்டு, 'எட்டக் காணோம். வெளிய என்ற ஊட்டுக்காரரு இருப்பாரு. அவரு சட்டப்பைல பாருங்க'ன்னாங்க. மூளைய நான் கையில வெச்சிருக்கேன், அவங்க உங்கள இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்காங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு கேட்டேன். "போன வாரமே செஞ்சிருந்தா, அந்த ஓரத்தையும் எடுத்திருக்கலாமுங்களா?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

ஆமாம் என்று திட்டியிருக்கலாம். இதைவிட அது மேல்.

நவம்பர் 26, புதன்

வார்டு. கஞ்சி குடித்தாள். 'ஸ்பூன்' வரவில்லை, 'கரண்டிக் குட்டி' என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிளேட் விஷயத்தை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்று இருபத்தாறு என்பதே இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. மாத்திரை டப்பாவுக்கு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினேன், காலை, மதியம், இரவு என்று மூன்று நிறம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு துளசி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மாமா. தேதிய மாத்துனது நீங்கதானுங்களே."

கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஆமா."

"தெரியும். பதினேழுன்னு டாக்டர் சொன்னப்பவே உங்க மொகத்தப் பாத்தேன். டெல்லின்னு நீங்க சொன்னப்பவும் பாத்தேன்."

"அப்பறம் ஏன் சும்மா இருந்த? ஒரு போன் போட்டா முடிஞ்சு போயிருக்கும். நீ என்னயத் திட்டியிருக்கோணும். அந்த ஒரு வாரத்துல நீ செத்திருந்தீனா நான் என்ன பண்ணியிருப்பேன்?" சத்தம் போட்டுவிட்டேன். என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். கீரை முற்றமெல்லாம் சிந்தியது.

அவள் வார்த்தையைத் தேடினாள். நான் காத்திருந்தேன். ஷீபா மேடம் காத்திருக்கத்தான் சொல்லியிருக்கிறார், எடுத்துக் கொடுக்கக் கூடாதாம்.

"எனக்கும் பயமா இருந்துச்சுங். மண்டையத் தொறந்து வெச்சுட்டு... முழிச்சுட்டு இருக்கறது. நீங்க தள்ளிட்டு வந்ததும், அப்பாடா, ஒரு வாரம் கெடச்சுதுன்னு இருந்துச்சு. எட்டு மேல பழியப் போட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன். கணக்கு டீச்சரு" என்றாள்.

பிறகு நான் கீரையைப் பொறுக்க, அவளும் குனிந்து பொறுக்க வந்தாள். குனியாதே என்று அதட்டினேன்.

"அந்த எட்டு எங்க?" என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு எட்டாம் தேதி தருகிறார்களாம். போன் வந்தது. சரிங்க என்றேன்.

அக்காவிடம் சொன்னேன். "ஒம்பதாந் தேதி போனா ஆகாதா தம்பி? ஒரு நாள்தானே."

"ஆகாதுக்கா" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

இன்றைய எண்: சரி. ஒரே மூச்சில் சொன்னாள்.

டிசம்பர் 8, திங்கள்

பஸ்ஸில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் எதிரில் போன ஒரு வண்டி நம்பரையும் கூட்டவில்லை. கூட்டவில்லை என்று சொல்வது பொய். இரண்டைக் கூட்டினேன்.

மெதுவாக வளரும் வகைதானாம். டாக்டர் ஜெபசெல்வி திரும்பத் திரும்பச் சொன்னார், மெதுவாக வளரும் வகை, ஆனால் விட்ட ஓரத்துக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், தள்ளிப் போடக் கூடாது. துளசி என் கையை மேஜைக்கு அடியில் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது, அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரில் தேதி பார்த்தார். "பதினேழாம் தேதி காலியா இருக்கு. ஆரம்பிச்சுடலாமா? இல்லன்னா இருபத்து மூணு."

துளசி என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அக்கா குரல் வந்தது, பைபாஸில் கிடந்த வண்டிகள் வந்தன, குளியலறைக் கதவு வந்தது.

"பதினேழே எழுதுங்க" என்றேன்.

வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றோம். துளசி கைப்பையைத் திறந்தாள், எட்டுப் பிளேட்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள், மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"பயமா இருந்தா தொட்டுப் பாத்துக்குங்க மாமா. எனக்கும் பயம் வந்தா உங்ககிட்டக் கேட்டு வாங்கிக்கறேன்."

கேன்டீனில் இரண்டு டீ சொன்னேன். அவள் சர்க்கரை குறைச்சலாக வேண்டும் என்றாள். 'சர்க்கரை' என்ற சொல் தடுக்காமல் வந்தது.